துறையிடைப் பொறியியல் படிப்பு: குமரியின் கடலையும் குளத்தையும் வைத்து ஒரு விளக்கம்

பொறியியல் கலந்தாய்வுக் காலம் வந்துவிட்டால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரி விளம்பரங்களில் சில சொற்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன: பல்துறைக் கல்வி, துறையிடைக் கல்வி, நிலைத்தன்மை, மீள்திறன், மைனர் டிகிரி. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு எழும் சந்தேகம் நியாயமானது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் எதுவும் உருப்படியாகத் தெரியாமல் போய்விடாதா? சிவில் படிப்பவருக்குக் கடலோடியின் பேச்சு எதற்கு? கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவருக்குக் குளம் நிரம்பி வழியும் மறுகால் எதற்கு?

விளம்பரத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தவற்றையும் நடந்துகொண்டிருப்பவற்றையும் வைத்துச் சொல்லலாம்.

## 2017 நவம்பர் 30: சங்கிலி எங்கே அறுந்தது?

இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் 2017 நவம்பர் 29 அன்று வலுக்கத் தொடங்கி, மறுநாளே ஒக்கி புயலாகிக் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து சென்றது. அவ்வளவு விரைவில் புயலாக வலுப்பது வழக்கமானதன்று. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய ஊர்களின் விசைப்படகுகள் பல அதற்கு நெடுநாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுபவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தது, அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவே இல்லை.

ஒரு புயல் எச்சரிக்கை உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் நான்கு கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும்.

1. கணிப்பு. புயல் எங்கே, எவ்வளவு வலுவுடன், எப்போது வரும் என்று சொல்வது வானிலை அறிவியலின் வேலை.

2. செய்தி போய்ச் சேர்வது. இது மின்னணுத் தொடர்பியல். படகில் இருக்கும் வி.எச்.எஃப். என்ற வானொலிக் கருவியின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கிறது. பூமியின் வளைவைத் தாண்டாது. அதன் எல்லையைப் பிளஸ் டூ கணக்கிலேயே போட்டுவிடலாம்: இரண்டு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். கரையில் 50 மீட்டர் கோபுரம், படகில் 4 மீட்டர் கம்பம் என்றால் விடை ஏறத்தாழ 37 கிலோமீட்டர். தூத்தூர்ப் படகுகள் நின்றதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். அந்தக் கருவியால் அவர்களை எட்டியிருக்கவே முடியாது.

3. புரிதல். அறிக்கை அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொல்கிறது, காற்றைக் கிலோமீட்டரில் சொல்கிறது. கடலோடி ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்கிறார், நீரோட்டத்தை நீவாடு என்கிறார், கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் உடம்பால் அறிகிறார். இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே பாலம் போடுவது மொழி அறிவும் கள அனுபவமும் சேர்ந்த வேலை.

4. முடிவு. டீசல், ஐஸ்கட்டி, இரை, உணவு என்று பெருந்தொகை செலவழித்துப் புறப்பட்ட படகு வெறும் வயிற்றோடு திரும்பினால் கடன் யார் தலையில்? அந்த இழப்புக்கு ஈடு உண்டா? இது பொருளாதாரம், காப்பீடு, அரசின் கொள்கை.

முதல் கண்ணியில் எவ்வளவு நேர்த்தி இருந்தாலும் மற்ற மூன்றில் ஒன்று அறுந்தால் உயிர் போகிறது. ஒக்கிக்குப் பின் 2019-ல், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் ஜெமினி என்ற கருவியை இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அறிமுகப்படுத்தியது. இரண்டாவது கண்ணிக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் அது ஒருவழிக் கருவி. கரையின் செய்தி படகுக்கு வரும். ‘நாங்கள் இங்கே தத்தளிக்கிறோம்’ என்று படகிலிருந்து சொல்ல அதில் வழி கிடையாது. கடலுக்குள் இருப்பவரின் முதல் தேவை எது என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், இருவழித் தொடர்பு அன்றே பட்டியலின் உச்சியில் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் கடலில் மூழ்கி இறந்ததும் இதே வகைத் துயரம்தான். அன்று வந்தது கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாமலே, தெற்கே வெகுதூரத்தில் எழுந்த புயலின் பேரலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையில் ஏறுவதைத்தான் கடலோரத்தார் அப்படி அழைக்கிறார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கணிப்பு இருந்தது, செய்தி இருந்தது. வெயிலில் அமைதியாகத் தெரிந்த கடலைப் பார்த்தபடி நின்ற அந்தப் பிள்ளைகளிடம் மூன்றாவது கண்ணி போய்ச் சேரவில்லை.

## சொற்களுக்குப் பொருள்

பல்துறை: ஒரே பிரச்சினையைப் பல துறையினர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனி அறிக்கை தருவது. அறிக்கைகளை ஒரே கோப்பில் கட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.

துறையிடை: ஒருவரின் விடை மற்றவரின் கணக்கை மாற்றும் அளவுக்குச் சேர்ந்து செய்வது. மீனவரின் பயண தூரம் தெரிந்ததும் தொடர்பியல் மாணவர் வி.எச்.எஃப்.பைக் கைவிட்டுச் செயற்கைக்கோளைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார் அல்லவா, அதுதான் துறையிடை.

துறைகடந்தது: கல்லூரிக்கு வெளியே இருப்பவர், அதாவது கடலோடியும் உழவரும் ரப்பர் பால் வெட்டுபவரும், கேள்வியை வகுப்பதிலேயே பங்கெடுப்பது.

நிலைத்தன்மை: வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. ஐ.நா. அமைத்த புருன்ட்லண்ட் ஆணையம் 1987-ல் தந்த விளக்கத்தின் சாரம் இது.

மீள்திறன்: அடி விழும்போது முழுவதுமாக நொறுங்காமல் தாங்கி, விரைவில் எழுந்து, அடுத்த அடிக்கு முன்பைவிடத் தயாராக இருப்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தின் மேல்தளத்தைத் தூக்கி எறிந்தது. பாலம் மட்டுமா போனது? அதை நம்பியிருந்த பஸ், பள்ளிக்கூடம், மீன் சந்தை எல்லாம் ஒரே நாளில் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. பாலத்தின் வலிமையைக் கணக்கிடுவது பொறியியல். பாலம் இல்லாத நாட்களில் ஊர் எப்படி இயங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது மீள்திறன்.

## தேங்காப்பட்டணம் முகத்துவாரம்: ஒரே கேள்வி, ஐந்து துறைகள்

குழித்துறை ஆறு என்று உள்ளூரார் அழைக்கும் தாமிரபரணி கடலில் கலக்குமிடம் தேங்காப்பட்டணம். அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அதன் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலையில் சிக்கிய வள்ளங்களும் படகுகளும் கவிழ்ந்து, மீனவர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். புயலில் தப்பியவர் வீட்டு வாசலில் சாவது போன்ற கொடுமை இது. அலைத்தடுப்புச் சுவரின் அமைப்பை மாற்ற வேண்டும் என்று கடலோர ஊர்கள் போராடி வருகின்றன.

அலை ஏன் சரியாக வாசலில் உடைகிறது? நீரின் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கு உயரத்தை அலை எட்டும்போது அது நிலைகுலைந்து உடைகிறது. வாசலில் 5 மீட்டர் ஆழம் இருந்தால் 2 மீட்டர் அலை உடையாமல் உருண்டு உள்ளே போய்விடும். மணல் சேர்ந்து ஆழம் இரண்டரை மீட்டராகக் குறைந்தால் அதே அலை வாசலிலேயே எழும்பி உடையும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் எதிர்த்திசையில் பாய்ந்தால் அலை இன்னும் செங்குத்தாகும். அந்தச் சில மீட்டர்களில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் மீட்பது கடினம்.

மணல் ஏன் சேர்கிறது? கரையோரம் அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரைக்கு இணையாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே ஒரு சுவரோ, தூண்டில் வளைவு என்ற கல்தடுப்போ எழுந்தால், மணல் வரும் பக்கம் குவியும். மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராததால் அங்கே கரை அரிக்கும். ஓர் ஊரைக் காக்கப் போட்ட கல் அடுத்த ஊரின் வீட்டுத் திண்ணையைக் கடலுக்குக் கொடுத்துவிடலாம். பருவத்துக்குப் பருவம் அலையின் திசை மாறுவதால் கணக்கு மேலும் சிக்கலாகிறது.

இதை ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சிவில் மாணவர் மணல் நகர்வையும் சுவரின் கோணத்தையும் பார்க்கிறார். மெக்கானிக்கல் மாணவர் பாரம் ஏற்றிய வள்ளம் எந்தச் சாய்வில் கவிழும் என்று கணக்கிடுகிறார். மின்னணு மாணவர் அலையை அளக்கும் மிதவை செய்கிறார். கம்ப்யூட்டர் மாணவர் கேமரா படத்திலிருந்து உடையும் அலையை இனங்கண்டு, ‘இப்போது உள்ளே வராதே’ என்று விளக்கு எரிய வைக்கும் நிரல் எழுதுகிறார். ஐந்தாவதாக ஒருவர் வேண்டும்: தூர்வாரிய மணல் எங்கே போகும் என்று கேட்பவர். மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணல் கிடக்கும் கரை இது. மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரித்தெடுக்கும் பொதுத்துறை ஆலை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாக எடுக்கும் திட்டத்துக்குக் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தூர்வாரிய மணலை நினைத்த இடத்தில் கொட்டவோ விற்கவோ முடியாது. சட்டமும் கதிரியக்க இயற்பியலும் தெரியாமல் போட்ட தூர்வாரும் திட்டம் பாதியில் நின்றுவிடும்.

முதல் கேள்வியைக் கேட்க வேண்டியவர் படகை ஓட்டுகிறவர். விளக்கு எந்த இடத்தில் இருந்தால் உள்ளே திரும்பும் முன் அவர் கண்ணில் படும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மேடு தட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் ‘இரண்டு பாகம்’ என்றால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் என்று மாற்றிக்கொள்ள மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## கடைவரம்பும் நான்கு வழிச்சாலையும்

நாஞ்சில் நாட்டுப் பாசனம் தனித்தனிக் குளங்களால் ஆனதன்று. அது மணிமாலை போல ஒன்றோடொன்று இணைந்த ஒரு கோவை. 1906-ல் பணி முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பின்னர் வந்த பெருஞ்சாணி அணையிலிருந்தும் வரும் நீர் தோவாளை சானல், அனந்தனார் சானல் போன்ற கால்வாய்கள் வழியே குளங்களுக்கு வருகிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு நீர். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும், கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல் வரை நீர் போய்ச் சேருமா என்பது நடுவிலுள்ள ஒவ்வொரு மடையையும் மறுகாலையும் பொறுத்தது.

அதே கோவைதான் வெள்ளத்தையும் தாங்குகிறது. பத்து ஹெக்டேர் குளத்தில் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் அடங்கும் நீர் 50,000 கன மீட்டர், அதாவது ஐந்து கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகளில் ஏற்றினால் ஐயாயிரம் லாரி. குளத்தில் பாதியை மண்ணிட்டு நிரப்பினால் இரண்டாயிரத்து ஐந்நூறு லாரி நீர் கீழே இருக்கும் வீடுகளுக்குள் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேரள எல்லையிலிருந்து வரும் நான்கு வழிச்சாலை இந்த நிலத்தின் குறுக்கே போகிறது. குளத்தில் மண் நிரப்பிச் சாலை போடுவதா, தூண் எழுப்பிப் பாலமாகக் கொண்டுபோவதா என்ற சர்ச்சை அதனால்தான் எழுந்தது. சாலைப் பொறியாளரின் கணக்கில் மண் நிரப்புவது மலிவு. ஆனால் அந்தக் கணக்கேட்டில் எழுதப்படாத வரிகளைப் பாருங்கள்: அந்த மண்ணுக்காக வெட்டப்படும் குன்று, குறையும் வெள்ளக் கொள்ளளவு, கடைவரம்பில் தரிசாகும் வயல், குளத்தில் தாமரை வளர்த்துப் பூ விற்பவரின் வருமானம், குளத்து மீன் குத்தகை, வற்றும் வீட்டுக் கிணறு. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளுக்கு ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அங்கீகாரம் 2022-ல் கிடைத்திருக்கிறது. கண்டம் தாண்டி வரும் பறவைகள் தங்குமிடம் என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. எல்லா வரிகளையும் எழுதிய பிறகு பாலம் விலை உயர்ந்ததா, மண் விலை உயர்ந்ததா என்று மறுபடியும் கூட்டிப் பார்க்க வேண்டும். சாலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மார்த்தாண்டம் நெரிசலில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்க்கும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. முழுக் கணக்கைப் போடத் தெரிந்த பொறியாளரை உருவாக்குவதற்குத்தான் இந்தப் படிப்பு.

காற்றாலையிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கிப் பாய்வதால் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. பழைய சிறு இயந்திரங்களை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. இறக்கப்படும் கண்ணாடி இழை இறக்கைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு மின்னியலில் மட்டும் விடை இல்லை.

## விதிகள் ஏற்கனவே என்ன சொல்கின்றன?

இவையெல்லாம் புதிய ஆசை என்று யாராவது சொன்னால், விதிப்புத்தகத்தையே காட்டலாம்.

1. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின் வழியே சுற்றுச்சூழல் கல்வி எல்லா மட்டங்களிலும் கட்டாயமானது. பொறியியல் மாணவரும் சுற்றுச்சூழல் பாடம் படிக்கிறார்.

2. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. பட்டம் பெறுபவரிடம் இருக்கவேண்டிய திறன்களின் பட்டியலில் சமூகப் பொறுப்பு, நிலைத்தன்மை, அறம், குழுவாக வேலை செய்தல் ஆகியவை உண்டு. 2021-ல் அந்தப் பட்டியல் திருத்தப்பட்டபோது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளும் உள்ளே வந்தன.

3. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்காண்டுப் படிப்பை ஏறத்தாழ 160 கிரெடிட்டாகக் குறைத்தது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் (செமஸ்டர்) நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் வரை வேறொரு துறையில் படித்தால் மைனர் டிகிரி.

4. 2014-ல் மத்திய அரசு தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேரும் கல்லூரி கிராமங்களைத் தத்தெடுத்து அவற்றின் பிரச்சினைகளில் வேலை செய்யவேண்டும்.

5. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள் முதலாண்டிலேயே வருகின்றன. நாஞ்சில் நாட்டுக் குளக் கோவையையும் பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் நேரில் கொண்டுபோய்க் காட்ட இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

## அப்படியானால் ஏன் காகிதத்திலேயே நிற்கிறது?

காரணங்கள் பல. என் பார்வையில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, மதிப்பெண் துறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டை அதே துறைப் பேராசிரியர் வழிநடத்தி, அதே துறையினர் மதிப்பிடுகிறார்கள். சிவில் மாணவரும் மின்னணு மாணவரும் சேர்ந்து செய்தால் யாருக்கு எத்தனை மதிப்பெண், எந்தத் துறையின் வைவா (வாய்மொழித் தேர்வு) என்பதிலேயே விஷயம் முடிந்துபோகிறது. பேராசிரியருக்கும் பிற துறை மாணவரை வழிநடத்தினால் பணிச்சுமைக் கணக்கில் சேராது.

இரண்டாவது, சேர ஆளில்லை. மாணவர் சேர்க்கை கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் குவிகிறது. 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்குப் பிரிவு வாரியான இடங்களின் உச்சவரம்பும் தளர்ந்தது. சிவில், மெக்கானிக்கல் வகுப்புகள் சுருங்கிவருகின்றன. துறையிடைக் குழு அமைக்க எல்லாரும் ஒரே துறையாக இருந்தால் எப்படி முடியும்? அருகருகே உள்ள கல்லூரிகள் மாணவரைப் பகிர்ந்து குழு அமைப்பதுதான் வழி. இவ்வளவு சிறிய மாவட்டத்தில் அது கடினமான காரியம் இல்லை.

மூன்றாவது காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாட்காட்டி. இறுதியாண்டு புராஜெக்ட் பெரும்பாலும் எட்டாம் பருவத்தில், அதாவது ஜனவரி முதல் ஏப்ரல், மே வரை நடக்கிறது. அப்போது மேற்குக் கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். குளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் பிப்ரவரி மாதம் அலையை அளக்கும் மாணவருக்கு எந்த ஆபத்தும் தென்படாது. அந்த அளவை வைத்து அவர் எழுதும் நிரல் ஆனி ஆடிக் கடலைப் பார்த்தாலும் ‘வரலாம்’ என்று விளக்கைப் பச்சையாக எரியவிடக்கூடும். நல்ல நோக்கத்தோடு செய்த கருவி ஒருவரைக் கொல்லக்கூடிய இடம் இது. எனவே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாவட்டத்தின் நாட்காட்டி வேறு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம்; ஆழ்கடல் செல்பவர்கள் கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அதே மாதங்களில் கடல் சீற்றம் உச்சத்தில் இருக்கும், அலையை அளக்க வேண்டிய நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளங்கள் நிறைந்து மறுகால் பாயும், நீர்மட்டம் அளக்க வேண்டிய நேரம். ஆனால் நவம்பரில் கல்லூரியில் பருவத் தேர்வு. ஐந்தாம் பருவத்தில் தொடங்கி எட்டாம் பருவம் வரை ஒரே வேலையை நீட்டினால், கடலின் ஒரு முழு ஆண்டும் குளத்தின் ஒரு முழு ஆண்டும் மாணவர் கையில் இருக்கும். இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ வேண்டாம். கிரெடிட்டை நான்கு பருவங்களுக்குப் பிரித்துப் போட்டால் போதும்.

## ‘வேலை கிடைக்குமா?’

பெற்றோரின் முதல் கேள்வி இதுதான். தப்பித்துப் பேசாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆழம் முதலில் வேண்டும். நீரியல் தெரியாத சிவில் பொறியாளருக்கு மீனவரோடு பேசத் தெரிந்து பயனில்லை. அடிப்படைக் கணக்கு பிசகினால் நல்ல மனது அதை ஈடு செய்யாது. ஆகவே துறைப் பாடங்களை வெட்டிக் குறைத்து அந்த இடத்தில் பொதுப் பாடங்களை நிரப்பும் ‘துறையிடை’ப் படிப்பைக் கண்டால் பெற்றோர் அஞ்சுவது சரியே. சொந்தத் துறையில் வலுவாக நின்றபடி, ஒரு பிரச்சினையை முன்னிட்டு வேறு இரண்டு துறைகளின் மொழியைக் கற்றுக்கொள்வதே நல்ல வடிவம்.

ஐ.டி. நிறுவன வளாகத் தேர்வில் மறுகாலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்த சென்சாரிலிருந்து வந்த அரைகுறைத் தரவைச் சுத்தம் செய்து, பதினொரு மாதம் தொடர்ந்து இயங்கிய ஒன்றைக் கட்டியெழுப்பிய மாணவரும், இணையத்திலிருந்து இறக்கிய புராஜெக்டைக் காட்டும் மாணவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துறைமுகம், நீர்வளம், காற்றாலை மறுசீரமைப்பு, காப்பீடு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகிய பணிகளிலோ இதுவே நேரடித் தகுதி.

வேலையோடு சேர்த்து இன்னொன்றையும் எண்ணவேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுக் கருத்துக்கேட்பு உண்டு. அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்படவேண்டும். கல்வியறிவு வீதத்தில் தமிழ்நாட்டின் முதலிடத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இருந்த மாவட்டம் இது. ஒவ்வொரு தெருவிலும் பொறியியல் படித்தவர் இருக்கிறார். ஆனால் அந்த அறிக்கை ஊருக்கு வரும்போது, இதில் இந்த எண் தவறு, இந்த மாத அளவீடு இல்லை என்று ஆதாரத்தோடு எழுந்து சொல்ல அந்தத் தெருவில் எத்தனை பேரால் முடிகிறது? படித்த பிள்ளைகள் நிறைந்த ஊர் தன் கடலைப் பற்றிய அறிக்கையைப் படிக்க வெளியாரைத் தேடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

## சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

1. வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து செய்த இறுதியாண்டு புராஜெக்ட் ஒன்றைக் காட்ட முடியுமா? மதிப்பெண்ணை எப்படிப் பிரித்தீர்கள்?

2. அந்த புராஜெக்டின் கேள்வியை முதலில் எழுப்பியது யார்? பேராசிரியரா, கடைவரம்பு உழவரா, படகு உரிமையாளரா? அவர் வைவா நாளில் அறையில் இருந்தாரா?

3. வேலை எந்த மாதத்தில் தொடங்கியது? கடல், குளம், காற்று சம்பந்தப்பட்டதென்றால் ஜூன், ஜூலை, நவம்பர் அளவீடுகள் இருக்கின்றனவா?

4. மைனர் டிகிரிக்கான கூடுதல் கிரெடிட் வகுப்புகள் உண்மையில் கால அட்டவணையில் இருக்கின்றனவா, அல்லது எல்லாம் இணைய வகுப்பா? துறைப் பாடம் எதையும் குறைத்திருக்கிறார்களா?

5. மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அந்த வேலை என்ன ஆனது? குளக்கரையில் நட்ட அளவுகோலின் வாசிப்பை இன்று யார் குறிக்கிறார்கள்? அந்த ஏடு எந்த அலமாரியில் இருக்கிறது, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகிறதா?

ஐந்தாவது கேள்விக்கு, அந்த ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்து, கடைசிப் பக்கத்தில் சென்ற வாரத்தின் தேதியைக் காட்டும் கல்லூரி இருந்தால், மற்ற நான்கு கேள்விகளையும் அங்கே கேட்க வேண்டியதில்லை.